மாணவர் ஃபார்முலா கார்: செலவு எங்கே கசிகிறது, எந்த வரிசையில் அடைப்பது

எங்கள் கல்லூரி அணியின் கணக்கு நோட்டு இரண்டு வருடம் என் கையில் இருந்தது. அதன்பின் வந்த ஜூனியர்களின் நோட்டுகளையும் புரட்டியிருக்கிறேன். விலை கூடிய பொருளை வாங்கியதால் முடங்கிய அணியை நான் பார்த்ததில்லை. ஒரே பொருளை இரண்டு முறை வாங்கி, ஒரே பாகத்தை மூன்று முறை கடைந்து, டிசம்பரில் கையைப் பிசைந்துகொண்டு நின்றவர்களைத்தான் பார்த்திருக்கிறேன். ஆகவே இங்கே எது எங்கே மலிவு என்பதைவிட, எதை எதற்கு முன்னால் முடிவு செய்ய வேண்டும் என்பதுதான் அதிகம் வரும்.

கல்லூரி மாணவர்கள் தாங்களே சின்ன ரேஸ் கார் கட்டி மோதும் போட்டி ஃபார்முலா பாரத். கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஜனவரியில் நடக்கும் அந்தப் போட்டிக்கு, முதல் அல்லது இரண்டாம் முறையாகப் பெட்ரோல் கார் கட்டும் அணியை மனதில் வைத்து எழுதுகிறேன். மின்சாரக் காரில் பேட்டரிப் பெட்டி ஒன்றே தனிப் படிப்பு. முதல் வருடமே அதில் இறங்காதீர்கள் என்பது என் கட்சி.

## 1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

அந்த ஆண்டின் விதிப்புத்தகம், காகிதத்தில் அச்செடுத்தது. சீனியரிடம் போன வருடத்துப் பிரதி இருக்கும், அதை வைத்துத் தொடங்காதீர்கள். வருடா வருடம் சின்னச் சின்ன மாற்றம் வரும். அந்தச் சின்ன மாற்றம்தான் பற்றவைத்த குழாயை மறுபடி அறுக்க வைக்கும்.

பூட்டுப் போடக்கூடிய ஒரு அறை. இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். எங்கள் அணியில் முதல் வருடம் காணாமல் போன மரை வெட்டும் டேப், டிரில் பிட், ஸ்பானர் கணக்கைப் போட்டால் இரண்டு நல்ல டேம்பர் (ஷாக் அப்சார்பர்) வாங்கியிருக்கலாம்.

பணத்தைக் கையாள ஒரே ஒருவர். வாங்க ஆசைப்படுபவரும் வாங்கச் சம்மதிப்பவரும் வேறு வேறு ஆளாக இருக்கட்டும். சஸ்பென்ஷன் பார்ப்பவனிடமே பணமும் இருந்தால் கார் முழுக்க சஸ்பென்ஷனாகத்தான் இருக்கும்.

அப்புறம் ஒரு தாள்: பாகம், அதை முடிவு செய்தவர், எந்தப் பாகத்தின் அளவைச் சார்ந்தது, விலைப்புள்ளி, கொடுத்த தொகை, பில் எண். மூன்றாவது கட்டம்தான் முக்கியம். அதை நிரப்ப முடியவில்லை என்றால் அந்தப் பாகத்தை வாங்கும் நேரம் இன்னும் வரவில்லை. இதே தாள் பின்னால் செலவு அறிக்கைக்கும் உதவும்; கடைசி வாரத்தில் பழைய பில்களைத் தேடி அலைய வேண்டாம்.

## 2. விதிகளைப் படித்து ஆளுக்கு ஆள் பிரித்துக் கொடுங்கள்

ஒவ்வொரு விதிக்கும் நேராக ஒருவர் பெயரை எழுதுங்கள். போட்டிக் களத்தில் தொழில்நுட்பச் சோதனையில் தேறாமல் நிற்பது பெரும்பாலும் பெரிய தவறுகளால் இல்லை, யாரும் படிக்காத வரிகளால்.

இரண்டு உதாரணம் சொல்கிறேன். இன்ஜினைக் குளிர்விக்க வெறும் தண்ணீர் மட்டுமே ஊற்றலாம். பைக்கிலிருந்து கழற்றிய இன்ஜினில் பழைய கூலண்ட் இருக்கும்; அதை அலசி எடுக்காமல் வந்த அணிகள் உண்டு. சங்கிலிக்கு மேல் போடும் கவசம் விதி சொல்லும் தடிமனில், சங்கிலியின் அகலத்தைப் போல குறைந்தது மூன்று மடங்கு அகலத்தில் இருக்க வேண்டும். மெல்லிய தகட்டில் அழகாகச் செய்து பெயிண்ட் அடித்துக் கொண்டுவந்து, அங்கேயே வெல்டரைத் தேடி ஓடியவர்களும் உண்டு. இரண்டையும் முன்கூட்டியே செய்தால் ஐந்து காசு செலவில்லை. களத்தில் செய்தால் ஆட்டோ வாடகை, அவசரக் கூலி, இழந்த ஒரு நாள்.

எஸ்ஏஇ இந்தியா நடத்தும் இன்னொரு மாணவர் ஃபார்முலா போட்டியான சுப்ராவுக்கும் அதே காரைக் கொண்டுபோகலாம் என்று சிலர் நினைப்பார்கள். முடியும், ஆனால் இரண்டு விதிப்புத்தகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது கடுமையோ அதை எடுத்து வரையத் தொடங்க வேண்டும். கார் முடிந்த பிறகு மாற்றுவது இரண்டாவது கார் கட்டுவதற்குச் சமம்.

## 3. மதிப்பெண்ணைப் பார்த்துப் பணத்தைப் பிரியுங்கள்

மொத்தம் ஆயிரம் மதிப்பெண். அதில் டிசைன் 150, செலவு அறிக்கை 100, வணிகத் திட்டம் 75. இந்த 325-க்கும் கார் ஓட வேண்டியதுகூட இல்லை. உட்கார்ந்து எழுதவும் நின்று விளக்கவும் ஆள் வேண்டும். புதிய அணிகள் கார்பன் ஃபைபர் மூக்குக்குக் கடன் வாங்கிவிட்டு, செலவு அறிக்கையைப் பேருந்தில் வரும்போது எழுதுகிறார்கள்.

ஓட்டத்தில் பெரிய பங்கு எண்டியூரன்ஸ் எனப்படும் நீண்ட தூர ஓட்டத்துக்கு. சுமார் 22 கிலோமீட்டர், நடுவில் ஓட்டுநர் மாற்றம். அந்த மாற்றத்தின்போது அணைத்த இன்ஜின், சூடாக இருக்கும்போதே மறுபடி கிளம்ப வேண்டும். அங்கே நின்றுபோகும் கார்களைப் பார்த்தால் வயிறு எரியும். ஆகவே முதல் வருடப் பணம் வேகத்துக்குப் போகக் கூடாது, 22 கிலோமீட்டர் ஓடி முடிப்பதற்குப் போக வேண்டும். ரேடியேட்டருக்கு ஒரு நல்ல ஃபேன் எந்த ஏரோ இறக்கையையும்விட அதிக மதிப்பெண் தரும்.

மொத்தத் தொகையில் ஆறில் ஒரு பங்கைத் தொடாமல் ஒதுக்கிவிடுங்கள். அது உதிரிப் பாகத்துக்கும் களத்தில் வரும் அவசரத்துக்கும். அதைச் சேர்க்காமல் போட்ட பட்ஜெட் பட்ஜெட்டே இல்லை.

## 4. கல்லூரிப் பணம் எந்த மாதம் வரும் என்று கேளுங்கள்

எவ்வளவு தருவார்கள் என்று மட்டும் கேட்டு வருவார்கள். எப்போது, எப்படி என்பதுதான் உங்கள் செலவைத் தீர்மானிக்கும். பல கல்லூரிகளில் மூன்று கொட்டேஷன் வேண்டும், துறைத் தலைவர் கையெழுத்து வேண்டும், பிறகு அலுவலகத்தில் கோப்பு நகர வேண்டும். நீங்கள் முன்பணம் போட்டு பில்லைக் கொடுத்தால்தான் திரும்ப வரும் என்றால், அந்த இரண்டு மூன்று மாத இடைவெளியை யார் தாங்குவது?

ஜூனில் கோப்பை வைத்தால் செப்டம்பரில் கையில் காசு இருக்கும் என்று கணக்கிடுங்கள். வெளிநாட்டுப் பொருள் எல்லாம் முதல் கோப்பில். காரணம், பொருளின் விலைக்கு மேல் கூரியர், சுங்க வரி, ஜிஎஸ்டி, கிளியரிங் கட்டணம் எல்லாம் ஏறும். அவசரக் கூரியர் என்றால் இன்னும் ஏறும். பக்கத்துக் கல்லூரி அணியோடு சேர்ந்து ஒரே பார்சலாக வரவழைத்தால் கூரியர் கூலி பாதியாகும். போட்டியாளர்தான், அதனால் என்ன? டிராக்கில் பார்த்துக்கொள்ளலாம்.

## 5. இன்ஜினை வாங்காதீர்கள், முழு பைக்கை வாங்குங்கள்

விதி 710 சிசி வரை அனுமதிக்கிறது. ஆசை 600 சிசி நான்கு சிலிண்டர் மேல் போகும். ஆனால் இன்ஜினுக்குள் போகும் காற்று முழுவதும் 20 மி.மீ. துளை வழியாகத்தான் போக வேண்டும். 600 சிசி இன்ஜின் நிமிடத்துக்கு 12,000 சுற்றை நெருங்கும்போது அந்தத் துளை கொடுக்கக்கூடிய உச்சத்தைத் தொட்டுவிடுகிறது. அதற்கு மேல் சுற்றிப் பயனில்லை. பழைய கேடிஎம் 390-இன் 373 சிசி ஒற்றைச் சிலிண்டர் 9,000 சுற்றில் இழுப்பது, சராசரியாகப் பார்த்தால், அந்த உச்சத்தில் பாதிக்குப் பக்கம்தான். பெரிய இன்ஜினுக்குக் கொடுத்த காசில் ஒரு பகுதியைத் துளை விழுங்கிவிடும். சின்ன இன்ஜின் எடை குறைவு, எரிபொருள் குறைவு, உதிரி எந்த ஊரிலும் கிடைக்கும்.

ஒரு எச்சரிக்கை. ஒற்றைச் சிலிண்டர் விட்டு விட்டு மூச்சு இழுக்கும். துளைக்கும் இன்ஜினுக்கும் நடுவில் ஒரு காற்றறை இல்லையென்றால் அந்த நொடிப்பொழுது இழுப்பில் துளை அடைத்துக்கொள்ளும். வரிசையும் முக்கியம்: முதலில் த்ராட்டில், அடுத்து 20 மி.மீ. துளை, அதன் பின் இன்ஜின். மாற்றிப் போட்டால் சோதனையில் தேறாது.

சரி, எதை வாங்குவது? சென்னையில் புதுப்பேட்டைக்குப் போனால் தனி இன்ஜின் கிடைக்கும், விலையும் மயக்கும். நாங்கள் அப்படித்தான் ஏமாந்தோம். இன்ஜின் நல்ல இன்ஜின்தான். ஆனால் அதோடு இசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டி) இல்லை. பின்னால் வேறு ஒரு வண்டியின் இசியு வாங்கினோம். அதற்குச் சாவி இல்லை, இம்மொபிலைசர் கிளம்ப விடவில்லை. அப்புறம் ஒயரிங், பெட்ரோல் பம்ப், சென்சார்கள் என்று ஒவ்வொன்றாக வாங்கி முடித்தபோது விபத்தில் அடிபட்ட முழு வண்டியின் விலையைத் தாண்டிவிட்டோம்.

விபத்தில் முன்பக்கம் நசுங்கிய வண்டியைத் தேடுங்கள். இன்ஜின், இசியு, சாவி, ஒயரிங், பம்ப், த்ராட்டில், ரேடியேட்டர், ஃபேன், சைலன்சர் எல்லாம் ஒன்றுக்கொன்று பழகியவையாக வரும். ஆர்சி புத்தகமும் இன்சூரன்ஸ் தாளும் பார்த்து, சேசிஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் சரிபார்த்த பிறகே பணம். தாள் இல்லாத வண்டி எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்; கல்லூரி வாசலுக்குப் போலீஸ் வந்தால் அணியே கலைந்துவிடும்.

வாங்கியதும் கழற்றாதீர்கள். நிற்கும் வண்டியில் ஸ்டார்ட் செய்து, சூடாக்கி, அணைத்து, மறுபடி ஸ்டார்ட் செய்து பாருங்கள். எந்தக் கனெக்டர் எங்கே போகிறது என்று போட்டோ எடுத்து, ஒவ்வொன்றிலும் சீட்டு ஒட்டிய பிறகே ஸ்பானரை எடுங்கள். பக்க ஸ்டாண்ட் சுவிட்ச், வண்டி சாய்ந்தால் அணைக்கும் சென்சார் எல்லாம் சின்ன விஷயம்போல் இருக்கும். அவற்றைத் தூக்கி எறிந்த பிறகு இன்ஜின் ஏன் கிளம்பவில்லை என்று ஒரு வாரம் தேடுவீர்கள்.

## 6. டயர், ரிம், பிறகுதான் ஹப்

டயர் முடிவானால் ரிம் முடிவாகும். ரிம்முக்குள் இருக்கும் இடம் தெரிந்தால் பிரேக் டிஸ்க்கும் காலிபரும் முடிவாகும். அதன் பிறகு ஹப் (ரிம்மை போல்ட்டால் மாட்டும் சுழலும் பாகம்), அதன் பிறகு அப்ரைட் (ஹப்பின் பேரிங்கைத் தாங்குவது), அதன் பிறகு விஷ்போன் (அப்ரைட்டைச் சட்டகத்தோடு இணைக்கும் கவை வடிவக் கை). சட்டகத்தில் விஷ்போன் பிடிக்கும் புள்ளிகள் கடைசியில். புதியவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள், சட்டகம் வரைய எளிது என்பதால். ரிம் வருவதற்கு முன் ஹப் கடைந்தால், போல்ட் வட்டம் பொருந்தாமல் இரண்டாவது ஹப் நிச்சயம்.

10 அங்குல ரிம் எடை குறைவு. ஆனால் உள்ளே 254 மி.மீ.கூட இல்லை. டிஸ்க்கும் காலிபரும் சேர்ந்து அடங்க வேண்டும் என்றால் டிஸ்க் 200 மி.மீ.க்குள் இருக்க வேண்டியிருக்கும். நீங்கள் வாங்கிய கேடிஎம்மின் முன் டிஸ்க் 300 மி.மீ.க்குக் குறையாது. அது உள்ளே போகாது. 13 அங்குலம் என்றால் பழைய கார் ரிம்கள் மலிவாகக் கிடைக்கும், கை உள்ளே போய் வேலை செய்ய இடமும் இருக்கும். முதல் வருடத்துக்கு நான் 13 என்றே சொல்வேன்.

ஒரு செட் புதிய டயர் போட்டிக்கு. அதை வெயில் படாமல் கறுப்புப் பாலித்தீனில் சுற்றி வையுங்கள். ஓட்டிப் பழக இன்னொரு அணியின் தேய்ந்த செட்டைக் கேட்டு வாங்குங்கள்; குப்பையாகக் கிடப்பதைக் கேட்டால் கொடுத்துவிடுவார்கள்.

## 7. பிரேக்: கணக்குப் போட்டு வாங்குங்கள்

நம் ஊர் பைக் காலிபர்கள் மலிவு, தரமும் நன்று. சிக்கல் காலிபரில் இல்லை. மிதி நெம்புகோலின் விகிதம், மாஸ்டர் சிலிண்டரின் துளை, டிஸ்க்கின் ஆரம் மூன்றையும் சேர்த்துக் கணக்கிடாமல் கிடைத்ததை வாங்கி மாட்டுவதில்தான். பிரேக் சோதனையில் நான்கு சக்கரமும் பூட்டிக்கொள்ள வேண்டும். பின்சக்கரம் மட்டும் பூட்டினால் தோல்வி. அதன்பின் மாஸ்டர் சிலிண்டரை மாற்றி மாற்றி வாங்கிக்கொண்டே இருப்பீர்கள். இரண்டு தனித்தனி ஹைட்ராலிக் வழிகளும், நடுவில் மிதி விசையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கும் ஒரு பேலன்ஸ் பாரும் இருந்தால் கொஞ்சம் தவறிய கணக்கையும் ஸ்பானரால் திருத்தலாம்.

டிஸ்க்கை உள்ளூரில் வெட்டிக்கொள்ளலாம்: எஸ்.எஸ். 410 தகடு, லேசர் வெட்டு, இரண்டு முகமும் கிரைண்டிங். கடைக்காரர் 304 தகட்டை எடுத்துக் காட்டுவார், அதுதான் கையிருப்பில் இருக்கும். வேண்டாம். 304-ஐச் சூடேற்றிக் கடினமாக்க முடியாது.

மிதி 2,000 நியூட்டன் விசையைத் தாங்க வேண்டும், அதாவது 200 கிலோ எடை. சோதிப்பவர்கள் உட்கார்ந்து ஓங்கி மிதிப்பார்கள். மிதியில் கிராம் கணக்கில் எடை குறைக்கும் வீரத்தை வேறு எங்காவது காட்டுங்கள்.

## 8. சட்டகம்: குரோமோலி ஆசை

4130 குரோமோலிக் குழாய்தான் ரேஸ் காருக்கு என்று எல்லாரும் சொல்வார்கள். விதிப்புத்தகத்தைப் பாருங்கள். கட்டமைப்புக் கணக்கில் எந்த எஃகாக இருந்தாலும் ஒரே வலிமைதான் எடுத்துக்கொள்ளப்படுகிறது. பற்றவைத்த இடத்துக்கான மதிப்பும் எல்லா எஃகுக்கும் ஒன்றுதான். குரோமோலி என்பதற்காகச் சுவர்த் தடிமனைக் குறைக்க முடியாது. எடை குறையாது, காசு மட்டும் கூடும். விதி கேட்கும் கார்பன் அளவுள்ள சாதாரண எஃகுக் குழாயை, மில் சான்றிதழோடு வாங்குங்கள். சான்றிதழ் முக்கியம், பின்னால் கேட்டால் கடையில் கிடைக்காது.

எஸ்.இ.எஸ். எனப்படும் கட்டமைப்புத் தாளை அனுப்பி, அது ஏற்கப்பட்டது என்று பதில் வந்த பிறகே குழாயை அறுக்கவும். பொறுமையில்லாமல் அறுத்துவிட்டு, ஒரு முட்டுக் குழாய் தவறான இடத்தில் சேர்கிறது என்று பதில் வந்தால்? சட்டகத்தின் முன்பாதி பழைய இரும்புக் கடைக்கு.

குழாய் முனைகளை மீன்வாய் போல வெட்ட லேசர் வேண்டியதில்லை. கணினி வரைபடத்திலிருந்து முனையின் விரிப்பை ஏ4 தாளில் உண்மை அளவில் அச்சிட்டு, குழாயைச் சுற்றி ஒட்டி, கோட்டில் கிரைண்டரால் வெட்டி, அரத்தால் சீராக்குங்கள். முதல் நான்கு முனை கோணலாகும், ஐந்தாவது சரியாக வரும். அச்சிடும்போது பக்கத்துக்குப் பொருத்தும் வசதி அணைத்திருக்கிறதா என்று ஸ்கேல் வைத்துப் பாருங்கள். எங்கள் பதினோரு குழாய்கள் அப்படித்தான் போயின.

ஓட்டுநருக்குப் பின்னால் தலைக்கு மேல் எழும் வளைவான மெயின் ஹூப்பை ஒரே தொடர்ச்சியான குழாயாக வளைக்க வேண்டும். அதை மட்டும் வளைக்கும் பட்டறையில் கொடுங்கள். உள்ளே ஓட்டுநர் அமரும் இடத்துக்கான சோதனை அளவுகளைப் பிளைவுட்டில் வெட்டி, புள்ளிப் பற்றாக நிறுத்திய சட்டகத்துக்குள் நுழைத்துப் பார்த்த பிறகு முழுப் பற்று. உங்கள் அணியின் மிக உயரமான ஆளையும் ஹெல்மெட்டோடு உட்கார வையுங்கள்.

முன்மோதல் தாங்கிக்கு விதிப்புத்தகத்தில் உள்ள நிலையான வடிவத்தை எடுத்தால் சோதனை செய்யத் தேவையில்லை. சொந்தமாகச் செய்தால் 300 கிலோ எடை வினாடிக்கு 7 மீட்டர் வேகத்தில் மோதும் ஆற்றலை, அதாவது 7,350 ஜூல் ஆற்றலை, உறிஞ்சிக் காட்ட வேண்டும். வெளி ஆய்வகத்துக்குப் பணம் கட்டுவதற்கு முன் சிவில் துறை ஆய்வகத்தில் கேளுங்கள். கம்பி இழுக்கும் அதே இயந்திரத்தில் மெதுவாக நசுக்கிக் காட்டுவதையும் ஏற்கிறார்கள்.

## 9. லேத் பட்டறைக்குப் போகும் டிராயிங்

கோவை, அம்பத்தூர், ஓசூர் பக்கம் படிப்பவர்களுக்குக் கொடுப்பினை; தெருவுக்குத் தெரு பட்டறை. ஆனால் டிராயிங் சரியில்லை என்றால் அந்தக் கொடுப்பினையே செலவு.

எங்கள் முதல் அப்ரைட் வரைபடத்தைப் பார்த்த பட்டறை அண்ணன் கேட்டார்: "ஏந்தம்பி, போல்ட்டு போற ஓட்டைக்கு எதுக்குங்க இத்தனை துல்லியம்?" எல்லா அளவுக்கும் ஒரே நுண்ணிய டாலரன்ஸ் (அனுமதிக்கும் அளவுப் பிழை) போட்டு வைத்திருந்தோம். பேரிங் உட்காரும் துளைக்கு மட்டும் அது போதும் என்றார். மாற்றினோம், கூலி பாதிக்குக் கீழே வந்தது.

அவரிடம் கற்ற மற்றவை: பாகத்தை எத்தனை முறை திருப்பிப் பிடிக்க வேண்டுமோ அத்தனை முறை காசு ஏறும், ஆகவே இரண்டு பிடியில் முடியும்படி வரையுங்கள். உள்மூலைகளுக்கு வளைவு கொடுங்கள், அவரிடம் இருக்கும் கட்டரின் ஆரத்துக்கு ஏற்ப. இடது அப்ரைட்டும் வலது அப்ரைட்டும் ஒன்றாகவே இருக்கும்படி செய்ய முடியுமா பாருங்கள். இரண்டுக்கும் ஒரே புரோகிராம். வரைந்து முடித்த பிறகு கொட்டேஷன் கேட்காதீர்கள். பாதி வரைந்ததும் நேரில் போய், டீ சொல்லிவிட்டு, "அண்ணா, இதை எப்படிச் செய்வீங்க?" என்று கேளுங்கள்.

பட்டறையில் வேலை குறையும் நாளைத் தெரிந்துகொண்டு அன்று கொடுங்கள். தீபாவளிக்கு முந்தைய வாரம் யாரும் உங்கள் அப்ரைட்டைத் தொட மாட்டார்கள்.

## 10. ராட் எண்ட், போல்ட், ஆக்சில்

ராட் எண்ட் என்பது தண்டின் முனையில் திருகும் உருண்டை மூட்டு. ஒரு சக்கரத்துக்கு விஷ்போன்களில் ஆறு, டை ராடில் இரண்டு, புஷ் ராடில் இரண்டு. ஆகப் பத்து; காருக்கு நாற்பது. இங்கே எம் 8, அங்கே எம் 10 என்று கலந்தால் டேப், நட், ஸ்பேசர், உதிரி எல்லாம் இரட்டிப்பாகும். கணக்கு அனுமதித்தால் காரெங்கும் ஒரே அளவு. இடமரை டேப்பை இன்னொரு அணியிடம் கடன் வாங்குங்கள், வருடத்துக்கு ஒரு நாள்தான் தேவை.

ஒற்றைப் பக்கம் மட்டும் பிடித்த ராட் எண்டுக்கு, பேரிங் கழன்றாலும் வெளியே வராதபடி பெரிய வாஷர் வேண்டும். முக்கிய இடங்களில் 8.8 தரத்துக்குக் குறையாத போல்ட். தலையில் எண் பொறிக்காத போல்ட்டைக் காரின் பக்கமே கொண்டுவராதீர்கள்.

ஆக்சிலுக்கு மாருதி 800, ஆல்டோ பாகங்களை எடுப்பது நல்ல வழி. நீளம் பொருந்தாது என்று நடுவில் வெட்டிப் பற்றவைப்பது கெட்ட வழி. பற்றின் ஓரத்தில் முறியும், பெரும்பாலும் எண்டியூரன்ஸில். இ.என். 24 தண்டில் இரு முனையும் ஸ்ப்லைன் வெட்டித் தரும் கியர் பட்டறைக்குக் கொடுங்கள். ஒரு ஆக்சில் கூடுதலாகவும் செய்து வையுங்கள், செட்டிங் போட்ட இயந்திரத்தில் மூன்றாவது மலிவாக வரும்.

டிஃபரன்ஷியலுக்கு வெளிநாட்டு விலையைப் பார்த்து மலைக்க வேண்டாம். முதல் வருடம் இரண்டு பின்சக்கரங்களையும் ஒரே வேகத்தில் சுழற்றும் ஸ்பூல் போதும். குறுகிய வளைவில் கார் நேராகப் போகப் பார்க்கும், ஓட்டுநர் திட்டுவார். ஆனால் வீட்டுக்கு வந்து சேரும்.

## 11. ஒயரிங்கைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள்

எமர்ஜென்சி சுவிட்ச், மோதல் சுவிட்ச், பிரேக் மிதி எல்லை மீறினால் அணைக்கும் சுவிட்ச், பிரேக்கும் த்ராட்டிலும் ஒருசேர அழுத்தினால் அணைக்கும் சுற்று: இவை எல்லாம் ஒரே வரிசையில் தொடுக்கப்பட்டவை. ஒன்று தளர்ந்தாலும் கார் நிற்கும். இதை முதலில் மேசை மேல் பலகையில் ஆணியடித்துக் கட்டி, ஒவ்வொரு சுவிட்சாகத் தட்டிப் பாருங்கள். காருக்குள் குனிந்து தேடும் பிழைக்கு ஒரு நாள், மேசையில் ஐந்து நிமிடம்.

கனெக்டருக்கு உரிய கிரிம்ப் கருவியை வாங்குங்கள். இந்த வழிகாட்டியில் விலையைப் பார்க்காமல் வாங்கச் சொல்லும் ஒரே கருவி இது. கட்டிங் பிளேயரால் நசுக்கிய முனை, ஒற்றைச் சிலிண்டரின் அதிர்வில் கழன்றே தீரும்.

## 12. கைவைக்கக் கூடாத இடம்

ஹெல்மெட், தீ தாங்கும் உடை, சீட் பெல்ட். பழசு, தள்ளுபடி, தெரிந்தவரிடம் கிடைத்தது எதுவும் வேண்டாம். பெல்ட்டில் தைத்திருக்கும் சீட்டில் காலாவதித் தேதி இருக்கும். வாங்கும் முன் அதைப் பாருங்கள், போட்டி நாள் அதற்குள் வர வேண்டும். ஹெல்மெட்டின் உள்ளே ஒட்டியுள்ள தரச் சீட்டை அந்த ஆண்டின் விதிப்பட்டியலோடு ஒப்பிடுங்கள். பைக் ஹெல்மெட்டின் ஐஎஸ்ஐ முத்திரை இங்கே செல்லாது.

சேமிக்க ஒரு நேர்வழி உண்டு: ஓட்டுநர்களை ஏறக்குறைய ஒரே உடல்வாகில் தேர்ந்தெடுத்தால் உடையும் இருக்கையும் பகிரலாம்.

## 13. ஸ்பான்சரிடம் என்ன கேட்பது

பணம் கேட்டால் சின்ன நிறுவனங்கள் நழுவும். அவர்கள் ஏற்கெனவே செய்துகொண்டிருப்பதைக் கேளுங்கள்: லேசர் வெட்டுக்காரரிடம் இரண்டு மணி நேர இயந்திரம், பவுடர் கோட்டிங்காரரிடம் அவருடைய அடுத்த கறுப்பு லாட்டில் உங்கள் சட்டகத்துக்கு இடம், பேரிங் கடையில் ஓடாத சரக்கு. அவர் பையிலிருந்து நோட்டு வெளியே போகாததால் சம்மதிப்பது எளிது.

இலவசமாக வந்ததற்கும் மதிப்பு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். செலவு அறிக்கையில் அதற்கும் வரிசை உண்டு.

## 14. ஓட்டிப் பாருங்கள்

நவம்பர் முடிவுக்குள் கார் தானாக நகர வேண்டும். அதற்காகப் பெயிண்ட், மூக்கு, ஸ்டிக்கர் எல்லாம் காத்திருக்கட்டும். கல்லூரி மைதானத்தில் கூம்பு வைத்து, ஞாயிற்றுக்கிழமை அனுமதி வாங்கி, ஒரே மூச்சில் 22 கிலோமீட்டர். நடுவில் நிறுத்தி, ஆள் மாற்றி, சூட்டோடு ஸ்டார்ட். பெட்ரோல் செலவு அற்பம். அன்று உடைவதுதான் உங்கள் உதிரிப் பட்டியல். அதை யோசித்து எழுதுவதைவிட இது மலிவு. எங்களுக்கு உடைந்தது ரேடியேட்டர் குழாய்க் கிளாம்ப். முப்பது ரூபாய்.

## 15. செட்டிபாளையத்துக்குப் போய் வருவது

வண்டி பேசும் முன் காரின் நீளத்தை அளந்துகொள்ளுங்கள். எங்கள் கார் ஒன்பது அடிக்குப் பக்கம். பேசி வைத்த டாடா ஏஸின் தொட்டி சுமார் ஏழு அடி. கிளம்பும் இரவு பத்து மணிக்கு அது தெரிந்து, இரட்டிப்பு வாடகைக்குப் பெரிய வண்டி பிடித்தோம். போக வர ஒரே வண்டி என்று முதலிலேயே பேசுங்கள். திரும்பும் நாளில் பேசினால் அவர் சொல்வதே விலை. சக்கரத்தின் வழியாகக் கயிறு கட்டுங்கள், விஷ்போனில் கட்டி இறுக்கினால் கோணம் மாறிவிடும்.

திரும்பி வந்த அன்றே இன்ஜினிலிருந்து தண்ணீரை வடித்துவிடுங்கள். வெறும் தண்ணீர் உள்ளேயே நின்றால் ஜூனில் துருவைத்தான் திறப்பீர்கள். டயரைக் கழற்றி, காரைக் கட்டைகள் மேல் நிறுத்தி, பேட்டரியை எடுத்து ஆய்வகத்தில் சார்ஜில் போடுங்கள். பிறகு அந்தக் கணக்குத் தாளில் இன்னொரு கட்டம் சேர்த்து, ஒவ்வொரு பாகத்துக்கும் நேராக அடுத்த வருடமும் ஓடும், ஓடாது என்று எழுதி, அச்செடுத்து, அறைக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிட்டுத் தேர்வுக்குப் படிக்கப் போங்கள்.